சிறு வயதில் வந்த கக்குவான் இருமல் இன்னும் காக்குமா?

“எனக்குச் சின்ன வயதிலேயே கக்குவான் வந்து போய்விட்டது, இனி வராது.” மூத்தோர் பலர் இப்படி நம்புகிறார்கள். தட்டம்மைக்கு அது பெரும்பாலும் சரி. கக்குவான் இருமலுக்குச் சரியன்று.

இந்நோயின் கிருமி, மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய முடிகளைப் பற்றிக்கொள்கிறது. சளியை மேலே தள்ளி வெளியேற்றுவது அந்த முடிகளின் வேலை. கிருமியின் நச்சு அவற்றைச் சிதைத்துவிடுவதால் சளி தேங்கி, இருமல் அடுக்கடுக்காக வருகிறது. கிருமி அழிந்த பிறகும் புண் ஆற வாரக்கணக்காகும். மருந்து சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லையே என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான்.

உங்கள் உடல் சும்மா இருப்பதில்லை. நச்சை முறியடிக்கும் எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் உருவாக்குகிறது. கிருமியின் அடையாளத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த நினைவு மங்கிவிடும். நோய் வந்து குணமானவர்களுக்குப் பாதுகாப்பு சுமார் 4 முதல் 20 ஆண்டுகள் வரையிலும், தடுப்பூசி போட்டவர்களுக்குச் சுமார் 4 முதல் 12 ஆண்டுகள் வரையிலும் நீடிப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அறுபது வயதில், பள்ளிப் பருவத்துப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நோய்த்தொற்று, மூச்சுப்பாதையிலேயே காவலை ஏற்படுத்துகிறது. இப்போதைய தடுப்பூசி பெரும்பாலும் இரத்தத்தில்தான் எதிர்ப்பொருள்களைப் பெருக்குகிறது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இத்தடுப்பூசி போடப்பட்ட பபூன் குரங்குகள் நோய்வாய்ப்படவில்லை. ஆனாலும் அவற்றின் தொண்டையில் கிருமி சில வாரங்கள் தங்கியிருந்தது. அதற்காக, நோய் வந்தே போகட்டும் என்று இருந்துவிடாதீர்கள். கடும் இருமலால் விலா எலும்பு முறிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள்.

பேரப்பிள்ளை பிறக்கப்போகிறதா?

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் முதல் மூன்று ஊசிகளும், 18 மாதத்திலும் 10–11 வயதிலும் கூடுதல் ஊசிகளும் போடப்படுகின்றன. முதல் ஊசிக்கு முந்திய இரண்டு மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. அந்த இடைவெளியைத் தாய்தான் நிரப்ப முடியும். கருவுற்ற 16 முதல் 32 வாரங்களுக்குள் அவர் ஊசி போட்டுக்கொண்டால், எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும். அவையும் நாளடைவில் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் போட வேண்டும். உங்கள் மகளோ மருமகளோ “போன தடவை போட்டேனே” என்றால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

குழந்தையைத் தூக்கிக் கொஞ்சப்போகும் நீங்களும் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேளுங்கள். எதிர்ப்பொருள் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், பிரசவத்துக்கு முன்பே கேட்பது நல்லது.

பெரியவர்களுக்குக் கூவல் போன்ற ஓசை வராமலும் போகலாம். சாதாரணச் சளி என்று எண்ணி இஞ்சிக் கஷாயத்தோடு நிறுத்திவிடுவோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அல்லது இருமி இருமி வாந்தி வந்தால், மருத்துவரைப் பாருங்கள். அதுவரை குழந்தையிடம் நெருங்க வேண்டாம். கக்குவான் என்று உறுதியானால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை 5 நாள் உட்கொண்ட பிறகு பொதுவாக நோய் மற்றவருக்குப் பரவாது.

பச்சிளங்குழந்தை இருமாமலேயே மூச்சை நிறுத்திவிடக்கூடும். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே 995ஐ அழையுங்கள்.