கிருமி செத்தால் நஞ்சும் சாகுமா?

நம்பிக்கை: மிச்ச பிரியாணியைக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணிவிட்டால் ஒன்றும் செய்யாது.

கிருமி சாகும். அது சோற்றில் கக்கி வைத்த நஞ்சு சாகாது. கல்யாண வீட்டுப் பிரியாணி தேக்சா ராத்திரி முழுக்க மூடிக் கிடந்து, மறுநாள் பொட்டலமாகச் சந்து சந்தாகப் போவது மும்பை சீத்தா கேம்ப்புக்குப் புதிதல்ல. வெந்த சோற்றிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்துக் கிடக்கும். வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரிச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் தாங்கக்கூடியது. நம் வீட்டு அடுப்பு எம்மாத்திரம்? சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் சந்தேகம் இதன் மேல் போகவேண்டும். நஞ்சு தயாராகவே உள்ளே போவதால்தான் இத்தனை வேகம். ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையே இல்லை.

நம்பிக்கை: வயிற்றால் போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும்.

எனக்கு மிகவும் கோபமூட்டும் நம்பிக்கை இது. 1976-இல் அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து விட்ட இடம் சீத்தா கேம்ப். சாக்கடையை ஒட்டியே குடிநீர்க் குழாய் போகும் இந்த மாதிரிக் குடியிருப்புகளில், மழைக்காலத்தில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது.

இந்தப் பேச்சு ஏன் தவறு என்பதற்குக் காலராவே சாட்சி. அது எப்படிக் கொல்கிறது என்பதைக் கண்டு சொன்னவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே. பாக்டீரியாவை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, எஞ்சிய திரவத்தை மட்டும் முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கியது. கிருமி இல்லாமலே நோய்! 1959-இல் இது வெளியானது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு வரவில்லை, 1985-இல் இறந்தார். நம் பாடப்புத்தகங்களும் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

அந்தத் திரவத்தில் இருந்த காலரா நஞ்சு குடல் சுவரைக் கிழிப்பதில்லை. செல்லுக்குள் புகுந்து உப்பு வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் கொட்டுகிறது, மணிக்கு ஒரு லிட்டர்கூட. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வேறொரு வழியை அது தொடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது அந்த வழியாகத்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே சாவைப் பல மடங்கு குறைத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. போகப் போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்பிக்கை: துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ரணஜன்னி. ஒருமுறை வந்து பிழைத்தவனுக்கு மறுபடி வராது.

துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. காயத்தில் சுண்ணாம்பும் காபித்தூளும் அப்புவதால் அவை போகாது. இதன் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசையை இளக்கும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. தாடை இறுகுவது அதனால்தான். ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளப் போதாது. அதனால் பிழைத்தவரும் ஊசி போட்டாக வேண்டும். ஊசியில் இருப்பது வீரியம் நீக்கிய நஞ்சு. எதிர்ப்பு மண்டலம் அதன் உருவத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

நம்பிக்கை: தடுப்பூசி போட்ட ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், கிருமியை ஏற்றிவிட்டார்கள்.

ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசியில் கக்குவான் கிருமி செத்த நிலையில்தான் இருக்கிறது. அதன் சுவரில் உள்ள நஞ்சைக் கண்டதும் எதிர்ப்பு மண்டலம் உஷாராகிறது. காய்ச்சல் மூட்டுவது நம் உடம்புதான். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். இதற்குப் பயந்து முதல் ஊசியோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. 6, 10, 14 வாரம் என்று மூன்று தவணையும் போட்டால்தான், தொண்டை அடைப்பான் நஞ்சையும் ரணஜன்னி நஞ்சையும் பிடிக்கும் அளவுக்கு எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் சேரும்.