சிரட்டைக் கரியும் குடிநீரும்

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் தேங்காய் துருவி விற்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். தேங்காயைத் துருவியபின் சிரட்டை யாருக்கு வேண்டும்? அந்நகரில் குப்பையோடு சேரும் சிரட்டை எரியுலைக்குச் சென்று சாம்பலாகி, செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. இலங்கையிலோ 1973ஆம் ஆண்டு தோன்றிய ஹேகார்ப் நிறுவனம், அதே சிரட்டையிலிருந்து செயலூட்டிய கரியைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது. நம் தோட்டங்களில் மிகுதியாய்க் கிடைக்கும் செம்பனைக் கொட்டையின் ஓடும் இதற்கு ஏற்றதே.

இக்கரியால் ஆவதென்ன? ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் நீரில் கரைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியா. பெரும்பாலும் நாவுக்கும் தெரியா. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்வழி மக்களின் உடலிற் சேர்ந்து நரம்புகளைத் தாக்கியது 1956இல் வெளிப்பட்டது. பெற்றோர் ஒன்றை நன்கு நினைவிற் கொள்ள வேண்டும்: நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும், உலோகம் நீங்காது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

சிரட்டையைக் காற்றுப் புகாமற் சுட்டால் கரி கிடைக்கும். அதனை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவியால் தாக்கினால், உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமாயின், ஒரு கிராம் கரி சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். ஏழு கிராம் இருந்தால் ஒரு கால்பந்துத் திடலையே மூடிவிடலாம்! முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குள் வைக்கப்பட்டதும் சிரட்டைக் கரியே. அடுப்புக் கரிக்கு இந்த ஆற்றல் இல்லை. அதனைக் குடத்திலிட்டு நம்பியிருப்பது தவறு.

நீரிலுள்ள நிறம், நாற்றம், குளோரின் ஆகியவற்றை இக்கரி எளிதில் பற்றும். உலோகத்தைப் பற்றுவது அத்துணை எளிதன்று. அதற்கெனக் கரியை நைட்ரிக் அமிலம் போன்றவற்றாற் பக்குவப்படுத்தி, அதன் பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த தொகுதிகளைப் பெருக்குவர். நேர்மின்னேற்றமுடைய ஈய அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். நீர் மிக்க அமிலமாயிருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே நீரின் அமிலநிலையைச் சரிசெய்வது முக்கியம்.

பற்றிய உலோகம் அழிந்துவிடுவதில்லை, கரியிலேயே இருக்கிறது. இடமெல்லாம் நிரம்பியபின் கரி வேலை செய்யாது. அதனை அமிலத்தால் கழுவி மீண்டும் பயன்படுத்துவர். இயலாதபோது நச்சுக் கழிவாகக் கருதிப் பாதுகாப்பாக அகற்றுவர். ஆற்றோரம் கொட்டினால் பட்டபாடெல்லாம் வீணே. 2003இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூரின் நியூவாட்டர் திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அங்கே நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வின் வழியே செலுத்துவதால் உலோக அயனிகள் பெரும்பாலும் தடுக்கப்படுகின்றன. அதற்கு மின்சாரமும் பொருட்செலவும் அதிகம். சிறு ஊர்களுக்குக் கரி பொருந்துவது இதனாலேயே.

மாணவர்கள் செய்து பார்க்க ஒன்று: மீன்தொட்டிக் கடையில் விற்கும் செயலூட்டிய கரியை நன்கு கழுவி, ஒரு துளி நீல மை கலந்த நீரில் இட்டு, மறுநாள் பாருங்கள். நிறம் வெளுத்திருக்கும். அந்நீரை யாரும் குடித்தல் கூடாது. செடிக்கும் ஊற்ற வேண்டாம்.