வேட்பாளர் களம் மாறினால் நன்கொடை வரம்பு மாறுமா?

நூல் கொள்முதலுக்கென்று அங்கத்தினர் ஒருவர் சங்கத்தில் செலுத்திய தொகையைக் காரியதரிசி தம் விருப்பப்படி கட்டிட நிதியில் வரவு வைக்கலாமா? கூடாது என்பதை நம் சங்கத்தார் யாவரும் அறிவர். கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்னும் இரண்டு விவரங்களும் தொகையை விட்டுப் பிரியலாகாது. இதே வினா அமெரிக்க நாட்டின் தேர்தல் சட்டத்தில் பெரிய அளவில் எழுகிறது. அங்கே அதற்குக் கண்ட விடையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

வரம்பின் வரலாறு

அந்நாட்டில் 1971ஆம் ஆண்டுக் கூட்டாட்சித் தேர்தல் பிரசாரச் சட்டம் என்னும் பெயருடைய சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 1974இல் அதைத் திருத்தியபோது, தனி நபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 1,000 டாலருக்கு மேல் கொடுக்கலாகாது என்று விதித்தனர். பெருந்தொகை கொடுப்பவருக்கு வேட்பாளர் கடமைப்பட்டுவிடுவார் என்னும் அச்சமே காரணம். 1976இல் உச்ச நீதிமன்றம் செலவு வரம்பை நீக்கியது. நன்கொடை வரம்பை நிலைநிறுத்தியது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை 2,000 டாலராக உயர்த்தி, விலைவாசிக்கேற்ப அது மாறவும் வழி செய்தது. 2025-26ஆம் ஆண்டுகளுக்கு அது 3,500 டாலர். கட்சி வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலும், பின்னர் வரும் பொதுத் தேர்தலும் தனித்தனியே கணக்கிடப்படுவதால், ஒருவர் இரண்டுக்குமாக 7,000 டாலர் கொடுக்கலாம்.

களம் மாறும்போது

பிரதிநிதிகள் சபைக்கு நின்ற ஒருவர், முதல்நிலைத் தேர்தலுக்கு முன்பே அப்போட்டியைக் கைவிட்டு, செனட் சபைக்கு நிற்க முற்படுகிறார் என்று கொள்வோம். பழைய கமிட்டியின் பணத்தைப் புதிய கமிட்டிக்கு மாற்றச் சட்டம் இடந்தருகிறது. கலிபோர்னியாவின் ஆடம் ஷிப் 2023 ஜனவரியில் செனட் போட்டியில் இறங்கியபோது, அவருடைய பழைய கமிட்டியின் கையிருப்பு சுமார் 2 கோடி டாலர்.

எனினும், மாற்றும் தொகை எவரெவர் கொடுத்தது என்பதைக் கணக்கு காட்ட வேண்டும். பழைய முதல்நிலைத் தேர்தலுக்கென ஒருவர் கொடுத்த 2,500 டாலர் புதிய கமிட்டிக்குச் சென்றால், அவர் செனட் முதல்நிலைத் தேர்தலுக்கு இன்னும் 1,000 டாலர் மட்டுமே கொடுக்க இயலும். கமிட்டியின் பெயர் மாறியதால் அவருக்குப் புது வரம்பு பிறப்பதில்லை.

பொதுத் தேர்தலுக்கென முன்கூட்டிப் பெற்ற தொகைக்கு விதி வேறு. வேட்பாளர் அத்தேர்தலில் நிற்காமற்போனால், 60 நாட்களுக்குள் அதைக் கொடுத்தவரிடம் திருப்ப வேண்டும். அல்லது வேறு தேர்தலுக்கு மாற்ற அவரது எழுத்துமூலமான சம்மதத்தைப் பெற வேண்டும்.

இரு பதவிகளும் மாநில நிதியும்

2012இல் பால் ரையன் உபஜனாதிபதி பதவிக்கும், விஸ்கான்சினில் தம் பிரதிநிதிகள் சபை இடத்துக்கும் ஒருங்கே நின்றார். இத்தகையோருக்குப் பதவிக்கொரு வரம்பு உண்டு. ஆனால் கமிட்டிகள் தனித்தனியே இயங்க வேண்டும். ஒன்றின் பணம் மற்றொன்றுக்குச் செல்லலாகாது.

மாநிலப் பதவிக்கெனத் திரட்டிய நிதியைக் கூட்டாட்சிப் பதவிக்கான போட்டிக்கு மாற்றவே முடியாது. வர்ஜீனியா மாநிலத்தில் நன்கொடைக்கு வரம்பில்லை, கம்பெனிகளும் கொடுக்கலாம். கூட்டாட்சித் தேர்தலில் கம்பெனி நன்கொடை 1907 முதலே விலக்கப்பட்டுள்ளது. மாற்றத்தை அனுமதித்தால் விலக்கப்பட்ட பணம் பக்கவாயிலில் நுழைந்துவிடும். வேட்பாளருக்கு ஒரு வழி உண்டு: மாநிலக் கமிட்டி பணத்தைத் திருப்பிக் கொடுத்தபின், கொடுத்தவரிடமே புதிய போட்டிக்கென மீண்டும் கேட்கலாம்.

இவ்விதிகள் முழு அரண் எனச் சொல்ல இயலாது. வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனித்துச் செலவிடும் குழுக்களுக்கு வரம்பின்றிக் கொடுக்கலாம் என 2010இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆயினும் வேட்பாளரின் கைக்கு வரும் பணத்தில் ஒவ்வொரு டாலருக்கும் கொடுத்தவர் பெயரைக் கேட்கும் முறை, சங்கக் கணக்கெழுதும் நாமும் போற்றத்தக்கதாகும்.

ஆய்வுக் குழுவினருக்கு வினாக்கள்

1. ஒருவர் இரு தேர்தல்களுக்கும் 3,500 டாலர் வீதம் கொடுத்தார். முதல்நிலைத் தேர்தலுக்கு முன்பே வேட்பாளர் களம் மாறினார். எத்தொகைக்குச் சம்மதம் வேண்டும்?

2. திருப்பிக் கொடுத்து மீண்டும் கேட்பதால் நன்கொடையாளர் பெறும் உரிமை யாது?

3. நம் சங்கத்தில் குறித்த நோக்கத்துக்கெனப் பெற்ற தொகைகள், கொடுத்தவர் பெயரோடு தனித்தனியே பேரேட்டில் உள்ளனவா?