பதிப்பிக்கப்படாத மூலங்களைச் சான்று காட்டுதல்: சுவடி, கடிதம், நாட்குறிப்பு

முன்னுரை

அச்சு நூலொன்றைச் சான்று காட்டும் ஆய்வாளர் பக்க எண்ணைப் பிழைபடத் தந்தாலும், அந்நூலின் வேறொரு படியைக் கொண்டு பிழையைத் திருத்திக்கொள்ள இயலும். ஓலைச்சுவடிக்கும் கையெழுத்துக் கடிதத்திற்கும் அவ்வாய்ப்பு அரிது. அவற்றுள் பல ஒரே படியாக எஞ்சியிருப்பவை. அவ்வொன்றும் செல்லரித்துப்போனால், அதனைக் கண்டவர் எழுதிவைத்த குறிப்பே இறுதிச் சான்றாகிவிடும். எனவே, இத்தகைய மூலங்களைச் சுட்டுவோர்க்கு இரு கடமைகள் உள்ளன. பிறர் அதே ஏட்டை அடைய வழிகாட்டுதல் ஒன்று. தாம் கண்டதையும் கருதியதையும் பிரித்துக் காட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் நிறைவேற்றும் முறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருப்பிடம் சுட்டல்

தமிழ்ப் பதிப்பு மரபுக்கு இக்கடமை புதிதன்று. சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) முதலியவற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்குச் சுவடி உதவியோரின் பெயர்களையும் ஊர்களையும் தம் பதிப்புகளில் பதிவுசெய்துள்ளார். அன்று உரியவர் பெயரே சுவடியின் முகவரி. இன்றோ சுவடிகள் பல வீடுகளை விட்டு நூலகங்களைச் சேர்ந்துவிட்டன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம், சென்னை உ.வே.சா. நூலகம் போன்ற இடங்களில் ஒரு நூலுக்கே பல சுவடிகள் இருத்தல் கூடும். ஆதலால் ‘தஞ்சைச் சுவடி’ என்று மட்டும் குறிப்பது போதாது. காப்பகம், தொகுப்பு, சுவடி எண், ஏட்டெண், முன்பக்கமா பின்பக்கமா என்பது, வரி ஆகியவற்றை இவ்வரிசையில் தருதல் வேண்டும். கடிதமாயின் எழுதியவர், பெறுநர், எழுதிய இடம், நாள், கோப்பு எண் ஆகியவை இன்றியமையாதவை. காப்பகங்கள் எண்களை மாற்றியமைப்பதுண்டு என்பதால், பார்வையிட்ட நாளையும் சேர்த்தல் நலம்.

எப்படியைக் கண்டோம் என்பது

ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு இதற்குத் தக்க சான்றாகும். அது 1846இல் வெளிச்சத்துக்கு வந்தபின் படியெடுக்கப்பட்டது. அரியேல் என்பார் எடுத்த படிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பு அதன் பின்னரே அச்சேறியது. ஆக, ‘நாட்குறிப்பு’ என்னும் ஒரு சொல் மூலம், படி, அச்சு, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கினையும் குறிக்கக்கூடும். ஆங்கிலத் தொகுதியைப் படித்துத் தமிழாக்கி, அதனை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு, நாட்குறிப்பையே அடிக்குறிப்பில் காட்டும் ஒருவர், பிள்ளை எழுதாத தொடரைப் பிள்ளையின் தொடராக்கிவிடுகிறார். பிற்கால ஆய்வாளர் அத்தொடரைக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடையை ஆராயப் புகுந்தால், பிழை மேலும் பெருகும். எதனைக் கண்டோமோ அதனையே சுட்டுவதுதான் முறை. மூலத்தைப் பிறர் நூல்வழி அறிந்திருப்பின், அந்நூலையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

காலம் சுட்டல்

பழங்கடிதங்கள் பல அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரால் நாள் குறிக்கின்றன. சாமிநாதையர் (1855–1942) காலத்துக் கடிதமொன்றில் ‘பிரபவ வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். பிரபவ ஆண்டு அவர் வாழ்நாளில் 1867இலும் 1927இலும் தொடங்கியது. ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தை மாதம் 1868 அல்லது 1928 சனவரி, பிப்ரவரியில் அமையும். உறையிலுள்ள அஞ்சல்தலையில் இருப்பது விக்டோரியா உருவமா, ஐந்தாம் ஜார்ஜ் உருவமா என்பது ஐயத்தைத் தீர்க்கலாம். எனினும், கடிதத்தில் உள்ளவாறே நாளை முதலில் தந்து, கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, கணிப்புக்கான காரணத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். கணிப்பு தவறாயினும், படிப்போர் மூலத்திலிருந்து மீண்டும் தொடங்க அது வழிவிடும்.

எழுத்துநிலை

ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ஆகவே, ‘கொள’ என்னும் வடிவம் கொள, கோள, கொள், கோள் என நால்வகையாகவும் படிக்கத்தக்கது. அதனுள் ஒன்றைத் தேர்வதே ஒரு விளக்கம்தான். பொருள் மாறும் இடங்களில் சுவடி வடிவத்தையும் கொண்ட பாடத்தையும் ஒருங்கே தருதல் வேண்டும். சிதைந்த எழுத்துகளை நிரப்பும்போது அவற்றையும் சதுர அடைப்புக்குறிக்குள் இடலாம். கடிதங்களில் உள்ள பேச்சு வழக்கையும் எழுத்துப் பிழைகளையும் சொல்லாமல் திருத்துவது சான்றை அழிப்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

இருப்பிடம், படியின் தன்மை, காலம், எழுத்துநிலை ஆகிய நான்கிலும் கண்டது இது, கருதியது இது என வரையறுத்துக் காட்டும்போதே அடிக்குறிப்பு சான்றாகிறது. இவற்றைக் குறித்துக்கொள்ளும் வேளை, கட்டுரை எழுதும் வேளையன்று; சுவடி கண்முன் விரிந்திருக்கும் வேளையே. காப்பகத்தை விட்டு வெளிவந்தபின் நினைவிலிருந்து எழுதும் ஏட்டெண், அடுத்து வருபவரை வேறோர் ஏட்டின்முன் நிறுத்திவிடும்.