காறை எலும்பு அறுவைக்கு எந்த ஊசி?

மின்சார ரயிலிலிருந்து இறங்கும் அவசரத்தில் இடறி விழுவதும், மழை ஈரத்தில் ஸ்கூட்டர் சறுக்குவதும் மும்பைவாசிகளான நமக்குப் புதிதல்ல. தோள் தரையில் மோதும்போது முறிவது பல சமயம் காறை எலும்புதான். கழுத்துக்குக் கீழே மார்பெலும்பையும் தோளையும் இணைக்கும் எலும்பு இது. கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டாலே பெரும்பாலானவர்களுக்குக் கூடிவிடும். முறிந்த துண்டுகள் மிகவும் விலகியிருந்தால் அறுவை செய்து தகடு பொருத்துவார்கள்.

அப்போது வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "முழு மயக்கமா, மரத்துப்போகிற ஊசியா?" என்பதே. முழு மயக்கமே வழக்கமான முறை. ஆனால் நுரையீரல் பலவீனமானவர்களுக்கு ஊசி முறையையும் மருத்துவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். அந்த ஊசியிலும் பல வகை உண்டு.

ஒரே ஊசி ஏன் போதாது?

கைக்கு ஊசி போட்டால் கை மரத்துப்போகும். காறை எலும்பு அப்படியல்ல. அதன் மேலுள்ள தோலுக்குக் கழுத்து நரம்புகளிலிருந்து உணர்ச்சி வருகிறது. எலும்புக்கோ அவற்றோடு, தோளுக்கும் கைக்கும் செல்லும் நரம்புப் பின்னலின் கிளைகளும் வருகின்றன. ஆகவே இரண்டு இடங்களையும் மரக்கச் செய்ய வேண்டும்.

மூன்று முறைகள்

1. கழுத்தின் மேலோட்டமான ஊசி: கழுத்துப் பக்கத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே போடுவது. தோல் நன்றாக மரக்கும். எலும்பைத் துளையிட இது மட்டும் பெரும்பாலும் போதாது. முழு மயக்கத்துடன் சேர்த்துக் கொடுத்தால் அறுவைக்குப் பிந்திய வலி குறையும்.

2. அதனுடன் கழுத்துத் தசைகளுக்கிடையே போடும் ஊசி: நோயாளி விழித்திருக்கும்போதே அறுவையை முடிக்கலாம். ஆனால் மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அருகிலேயே செல்கிறது. வழக்கமான அளவு மருந்து கொடுத்தால் ஏறக்குறைய எல்லோருக்குமே அந்தப் பக்கத்து உதரவிதானம் சில மணி நேரம் செயலிழக்கும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது தெரியாமலே போகலாம். ஆஸ்துமாவோ, பழைய காசநோயால் நுரையீரல் சேதமோ உள்ளவருக்கு மூச்சுத்திணறல் வரலாம். கையும் சில மணி நேரம் தொய்ந்து கிடக்கும். குரல் கம்முவதும், இமை சற்றுத் தாழ்வதும் உண்டு. மருந்தின் வேகம் தணிந்ததும் சரியாகிவிடும்.

3. எலும்பை ஒட்டிய உறைக்குள் போடும் ஊசி: 2017-இல் விவரிக்கப்பட்ட புதிய முறை. அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி, முறிவின் இரு பக்கமும் மருந்தைச் செலுத்துவார்கள். தோலுக்காக முதல் வகை ஊசியையும் சேர்ப்பதுண்டு. உதரவிதானம் பெரும்பாலும் பாதிக்கப்படாது, கையையும் அசைக்கலாம். ஆனால் எல்லோருக்கும் இது மட்டும் போதும் என்று சொல்ல முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

எந்த ஊசி என்பதை மயக்க மருந்து மருத்துவர்தான் முடிவு செய்வார். அதற்கு வேண்டிய செய்திகளைச் சொல்வது நம் பொறுப்பு. ஆஸ்துமா, எப்போதோ வந்து குணமான காசநோய், புகைப்பழக்கம், ரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். "காசநோய் வந்ததைச் சொன்னால் கேவலம்" என்று பெரியவர்கள் தயங்கினால், அருகிலிருப்பவர்கள் எடுத்துச் சொல்லுங்கள். இந்தி, மராத்தி சரளமாக வராதவருடன் பேசத் தெரிந்த ஒருவர் உடன் செல்வது நல்லது.

"ஊசிதானே" என்று எண்ணி, அறுவைக்கு முன் ஒரு கட்டிங் சாய் கூடக் குடிக்காதீர்கள். ஊசி போதாவிட்டால் முழு மயக்கம் கொடுக்க நேரிடும். அப்போது வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பால் கலந்த தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் பொதுவாக ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இந்த ஊசி மூச்சைப் பாதிக்குமா?" கேட்பதில் தவறில்லை.