புது மெஷினை முறுக்காதீர்கள்

கேள்வி: சீமைக்கருவேலம் வெட்டப் புதிதாக மரம் அறுக்கும் மெஷின் வாங்கியிருக்கிறேன். பழைய மெஷின் போலவே ஓட்டலாமா?
– வாசகர், சங்ககிரி

பதில்: வேண்டாங்க. முதல் மூன்று டேங்க் தீரும்வரை, மரத்தில் வைக்காமல் வெறுமனே முழு வேகத்தில் முறுக்காதீர்கள். புதுச் செயின் சூடேறினால் நீண்டு, பாரின் (செயின் ஓடும் நீண்ட தகடு) அடியில் தொங்கும். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கையுறையோடு செயினை இழுத்துப் பாருங்கள்: கையால் இழுத்தால் சுற்ற வேண்டும், தொங்கக் கூடாது. பழைய மெஷின்கள் பலவற்றுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். இன்றைய பலவற்றுக்கு 20 மில்லி போதும். கையேட்டைப் பார்த்தே கலக்குங்கள்.

மெஷின் மாறியது ஆயிலில் மட்டுமல்ல. 1926இல் ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டில் செய்த மின்ரம்பம் 48 கிலோ. பிடிக்க இரண்டு ஆள். எடை குறைந்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது செயின் பிரேக். பார் நுனி கட்டையில் பட்டு முகத்துக்கு எகிறினால் செயினை நிறுத்துவது அதுதான். பழையவை பலவற்றில் அது கிடையாது.