காந்தத் துடிப்பும் மனநோய் மருத்துவமும்

சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. அதனை உற்பத்தி செய்த இயந்திரங்களுக்கு அடிப்படை, 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியாகும். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்பதே அவ்விதி. மனநோய் மருத்துவத்திலும் இன்று அது பயன்படுகிறது.

இம்முறையில் மூளையைத் தூண்டலாம் என்பதை 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினர். தலைமீது வைக்கப்படும் கம்பிச்சுருளில் கண நேரம் வலிய மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, மூளைப் புறணியின் நரம்பணுக்களைத் தூண்டுகிறது. கையை இயக்கும் பகுதிக்கு நேராகச் சுருளை வைத்தால் கட்டைவிரல் தானே துடிக்கும். அத்துடிப்பை எழுப்பப் போதுமான குறைந்தபட்ச ஆற்றலைக் கொண்டே நோயாளிக்குரிய சிகிச்சை அளவு கணிக்கப்படுகிறது. இரு துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தி, புறணியின் அடக்கும் திறனையும் அளக்கலாம். மனச்சிதைவு நோயாளர் பலரிடம் இத்திறன் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. ஆயினும், நோயின் பெயரை இன்னதென்று உறுதி செய்யும் சோதனையாக இதனைக் கருதலாகாது.

மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்கு இச்சிகிச்சையை அமெரிக்க அரசு 2008-இல் அனுமதித்தது. மயக்க மருந்து வேண்டியதில்லை, வலிப்பும் உண்டாக்கப்படுவதில்லை. தலைவலி சிலருக்கு வரலாம். தலைக்குள் உலோகம் உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. வாரம் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரங்கள் செய்யவேண்டும். ஒரு தடவைக்கு 37 நிமிடங்கள் பிடித்த சிகிச்சையை மூன்றே நிமிடங்களில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று 2018-இல் கனடாவில் நடந்த ஆய்வொன்று காட்டியது.

ஆனால் தங்கவயல்வாசிக்கு நிமிடக் கணக்கு பெரிதன்று. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறுவோர் ஆயிரக்கணக்கினர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவை ஒரு நோயாளி முப்பது நாள் கடக்கவேண்டுமெனில், அவருடைய கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மூன்று நிமிடச் சிகிச்சை ரயில் பயணத்தைக் குறைப்பதில்லை.

ஆதலால் மாவட்ட மனநலத் திட்டத்தின் பணி இங்கு முதன்மை பெறுகிறது. 1996-இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு முன்மாதிரி, கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திய முயற்சியே. மனச்சோர்வுற்றோர் பலருக்கு மாத்திரையும் ஆலோசனையும் போதும். அவை ஊருக்கருகிலேயே கிடைக்கவேண்டும். காந்தச் சிகிச்சைக்கு ஒருவரை அனுப்புமுன், மாத்திரையை உரிய அளவில், போதிய வாரங்கள் அவர் உட்கொண்டாரா என்று மருத்துவர் விசாரிப்பது அவசியம். இடையில் மருந்து தீர்ந்து நின்றவரை, மருந்துக்கு இணங்காதவர் என்று கணக்கிட இயலாது.